பள்ளி இயற்பியல் மீள்பார்வை: புவி, விண்வெளி, அலை, கதிர்வீச்சு, ஆற்றல் ஆகியவற்றை எந்த வரிசையில் படிப்பது?

வைகைக்கரை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிட்டேன். இப்போது அரசுப் பணித் தேர்வுக்காக ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடநூல்களை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறேன். உயிரியலும் வேதியியலும் ஓரளவு நினைவில் நிற்கின்றன. இயற்பியலில்தான் சிக்கல். அண்டம், வெப்பம், ஒலி, ஒளி, அணுக்கரு என்று தனித்தனிப் பாடங்களாக வருபவற்றைப் படிக்கும்போது புரிகிறது; அடுத்த பாடத்துக்குப் போனதும் முந்தையது நழுவிவிடுகிறது.

குறிப்பாக மூன்று இடங்களில் தடுமாறுகிறேன். புவியின் பாதை நீள்வட்டம் என்கிறார்கள், அச்சு சாய்ந்திருக்கிறது என்கிறார்கள்; கோடைக்கு இவற்றுள் எது காரணம்? யாரும் இறங்கிப் பார்க்காத புவியின் உள்ளே உருகிய அடுக்கு ஒன்று இருக்கிறது என்பதை எப்படி அறிந்தார்கள்? கைபேசிக் கோபுரம், மருத்துவமனையின் எக்ஸ் கதிர், கல்பாக்கம் அணுமின் நிலையம் ஆகிய மூன்றைப் பற்றிப் பேசும்போதும் கதிர்வீச்சு என்றே சொல்கிறார்களே, அவை எல்லாம் ஒன்றா? எந்த வரிசையில் படித்தால் இவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெல்லை ஆசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. நெடுங்காலம் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடநூலின் வரிசையை விட்டுவிட்டு, ஆற்றல் எங்கே பிறந்து, எதன் வழியாகப் பயணம் செய்து, எங்கே போய்ச் சேருகிறது என்ற ஒரே கேள்வியைப் பின்தொடர்ந்து படியுங்கள். நீங்கள் சொன்ன பாடங்கள் அனைத்தும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

கதிரவனின் மையத்திலிருந்து தொடங்குவோம். அங்கே வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கெல்வின். அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் நான்கு ஹைட்ரஜன் உட்கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் உட்கருவாகின்றன. அப்படி இணையும்போது நிறையில் 0.7 விழுக்காடு குறைகிறது. குறைந்த நிறைதான் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி (ஆற்றல் = நிறை × ஒளியின் வேகத்தின் இருமடி) ஆற்றலாக வெளிப்படுகிறது. எவ்வளவு குறைகிறது என்பதை நீங்களே கணக்கிடலாம். புவி இருக்கும் தொலைவில், கதிரவனை நேராக நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு நொடியும் 1,361 ஜூல் ஆற்றல் விழுகிறது என்று செயற்கைக்கோள்கள் அளந்திருக்கின்றன. கதிரவனை மையமாக வைத்து 15 கோடி கி.மீ. ஆரம் கொண்ட ஒரு கோளத்தைக் கற்பனை செய்து, அதன் பரப்பை 1,361-ஆல் பெருக்கினால், கதிரவன் நொடிக்கு வெளியிடும் மொத்த ஆற்றல் சுமார் 3.8 × 10²⁶ ஜூல் என்று வரும். அதை ஒளியின் வேகத்தின் இருமடியால் வகுத்தால், நொடிக்கு ஏறத்தாழ 42 லட்சம் டன் நிறை ஒளியாக மாறிக்கொண்டிருப்பது தெரியும். 460 கோடி ஆண்டுகளாக இப்படி இழந்தும் கதிரவன் தன் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட இந்த வழியில் செலவிடவில்லை.

அந்த ஆற்றல் மேற்பரப்பை அடையும்போது அங்கே வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின்தான். பொருளின் வெப்பநிலை உயர உயர அது வெளியிடும் கதிர்வீச்சின் அலைநீளம் குறையும். ஆகவே கதிரவன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், 0.5 மைக்ரோமீட்டரை ஒட்டி, மிகுதியாக ஒளிர்கிறது. அந்த ஒளி 8 நிமிடம் 20 நொடியில் நம்மை அடைகிறது. அதைப் பெற்றுச் சூடாகும் புவியும் கதிர்வீசுகிறது. அதன் சராசரி வெப்பநிலை 288 கெல்வின் என்பதால், அதன் கதிர்வீச்சு 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புப் பகுதியில் அமைகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடையின்றி உள்ளே விடும் நம் வளிமண்டலத்தின் நீராவியும் கார்பன் டைஆக்சைடும், வெளியே போக முயலும் அகச்சிவப்பை உட்கவர்ந்து, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. பசுங்குடில் விளைவு என்று சுற்றுச்சூழல் பாடத்தில் படிப்பது இதுவே. வளிமண்டலம் இல்லாமல், இதே அளவு ஒளியைப் பிரதிபலித்தபடி புவி இருந்தால் அதன் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். உண்மையில் சராசரி 15 டிகிரி. இடையில் உள்ள 33 டிகிரியும் இந்த விளைவால் வந்தது. கதிரவனுக்கு நெருக்கமான புதனைவிட அதற்கு அப்பால் உள்ள வெள்ளி வெப்பமாக இருப்பதற்கும் அடர்ந்த கார்பன் டைஆக்சைடு வளிமண்டலமே காரணம்.

கோடையைப் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. புவி கதிரவனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில், 14.71 கோடி கி.மீ. தொலைவில், மிக விலகி இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், 15.21 கோடி கி.மீ. தொலைவில். தொலைவுதான் காரணம் என்றால் நமக்குக் கோடை ஜனவரியில் வர வேண்டும், தென் அரைக்கோளத்துக்கும் அதே வேளையில்தான் வர வேண்டும். அச்சின் 23.5 டிகிரி சாய்வால் ஒளி விழும் கோணமும் பகலின் நீளமும் மாறுவதே காரணம். சென்னையில் டிசம்பர் 21 அன்று நண்பகல் வெயில் தரைக்கு 53 டிகிரி கோணத்தில் விழுகிறது. ஏப்ரல் இறுதி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டி ஒருமுறையும் உச்சந்தலைக்கு நேராக விழுகிறது. அந்நாட்களில் நண்பகலில் ஒரு குச்சியை நேராக நட்டு வைத்துப் பாருங்கள். அதன் நிழல் அடியோடு மறைந்துவிடும்.

தேர்வு நோக்கர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் மிகச் சிறப்பாக உள்ளது. ஆனாலும் சகோதரி ஒரு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பொது அறிவுத் தாளில் இயற்பியலுக்குக் கிடைக்கும் வினாக்கள் சில. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்குக் கதிரவனின் நிறை இழப்பைக் கணக்கிட நேரம் இருப்பதில்லை. அதிர்வெண்ணின் அலகு ஹெர்ட்ஸ், கதிரியக்கத்தின் அலகு பெக்கரல், கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஆண்டு 1896, ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ., ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் என்பன போன்ற ஒரு வரித் தகவல்களைத் தொகுத்து மனப்பாடம் செய்வதே பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. என்னோடு படித்தவர்களில் புரிந்து படிக்கிறேன் என்று ஒரே பாடத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பின்தங்கியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்த கவலையில் இதை எழுதுகிறேன்.

நெல்லை ஆசிரியர் எழுதியது:

தேர்வு நோக்கர் தம்பியின் கவலை நியாயமானது. அலகுகள், கண்டுபிடிப்பு ஆண்டுகள், மாறிலிகள் ஆகியவற்றை எந்தத் தர்க்கத்தாலும் வருவிக்க முடியாது. அவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். வருவிக்கக் கூடியவற்றையும் அதே பட்டியலில் சேர்ப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டு: மத்திய அலை வானொலியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், பண்பலையின் அலைநீளம் சில மீட்டர் என்று இரண்டு வரிகளை நெட்டுருப் போடுவதை விட, அலையின் வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கி வருவது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், 720 கிலோஹெர்ட்ஸுக்கு 417 மீட்டர் என்பதும், 101.4 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதும் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். வினாவில் எண்ணை மாற்றிக் கொடுத்தாலும் கலங்க வேண்டியதில்லை. மின்னலைப் பார்த்த பிறகு இடியோசை கேட்க ஆகும் நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கி.மீ.-இல் கிடைப்பதும், காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் என்ற ஒற்றைத் தகவலிலிருந்து வருவதுதான்.

குமரிக்கடல் எழுதியது:

அலைகள் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அலைப் பாடத்தை 2004 டிசம்பர் 26-ஐ விட்டுவிட்டு நடத்த என்னால் முடிவதில்லை. அவர்களில் பலருடைய வீடுகளில் அந்த நாளில் இறந்தவர்களின் படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன.

அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ரிக்டர் போன்ற அளவீடுகளில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும், இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்காகும் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். நிலத்தின் வழியாக வந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில் பயணித்து நான்கைந்து நிமிடங்களில் சென்னையை அடைந்தது. அன்று காலை பலர் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். கடலின் வழியாக வந்த அலை ஒன்பது மணியளவில்தான் சென்னைக் கரையைத் தொட்டது. ஒரே நிகழ்விலிருந்து புறப்பட்ட இரண்டு அலைகளுக்கு இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தும் ஏற்பாடு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. அதற்குப் பிறகுதான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007-இல் அமைக்கப்பட்டது.

ஆழிப்பேரலையின் வேகம் எப்படி வருகிறது? அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கி.மீ. வரை இருக்கும், கடலின் ஆழமோ நான்கு கி.மீ. அளவுதான். அலைநீளத்தை நோக்க ஆழம் மிகக் குறைவாக இருக்கும்போது அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். ஆழம் 4,000 மீட்டர் என்றால் நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கி.மீ.-க்கு மேல். ஆழம் 10 மீட்டராகும் கரையோரத்தில் அதே அலை மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி வேகமாக வந்து நெருங்க, நீண்ட தொலைவில் பரவியிருந்த ஆற்றல் குறுகிய இடத்தில் சேர்ந்து அலை உயர்கிறது. நடுக்கடலில் செயற்கைக்கோள் அளந்தபோது அந்த அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. மட்டுமே, ஆழ்கடலில் படகில் இருந்தவர்கள் எதையும் உணராததற்கு இதுவே காரணம்.

இங்கே பிள்ளைகள் எப்போதும் கேட்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமத்ராவின் கடல்நீர் இங்கே வந்து சேரவில்லை. அலை கடத்துவது ஆற்றலை. நீர்த்துகள் தன் இடத்தைச் சுற்றியே அசைகிறது. கரைக்கு வந்து அலையின் உயரம் ஆழத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆனபோதுதான் நீரே முன்னோக்கிப் பாய்ந்தது. ஊருக்குள் புகுந்தது நம் கரையோரத்து நீர்தான்.

யாழ் மாணவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். குமரிக்கடல் அண்ணாவின் விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் அன்றைக்கு நடந்ததை எங்கள் வீட்டாரும் இன்னமும் சொல்லுவார்கள். எனக்கு நீண்ட நாளாக ஒரு சந்தேகம் இருக்கிறது. நில அதிர்வில் குறுக்கலைகள் திரவத்தின் ஊடாகச் செல்ல மாட்டா என்றும், அதனால்தான் புவியின் வெளிக்கரு திரவம் என்று அறிந்தார்கள் என்றும் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் கடல் அலையைப் பார்த்தால் நீர் மேலும் கீழுமாக அசைய, அலை பக்கவாட்டில் போகிறது. அது குறுக்கலை போலத்தானே தோன்றுகிறது? திரவத்தில் குறுக்கலை இல்லை என்றால் கடலில் அலை எப்படி வந்தது?

நெல்லை ஆசிரியர் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்வியை ஒரு வகுப்பில் ஒரு மாணவர் கேட்டாலே அந்த ஆண்டு ஆசிரியருக்கு நிறைவான ஆண்டு. விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எந்த அலைக்கும் ஒரு மீள்விசை வேண்டும். இடம் பெயர்ந்த துகளைப் பழைய இடத்துக்கு இழுத்து வருவது எது என்று கேட்டால் அந்த அலையின் இயல்பு புலப்படும். நெட்டலையில் பொருள் அமுக்கப்பட்டு விரிகிறது. திடம், திரவம், வாயு ஆகிய மூன்றுமே அமுக்கத்தை எதிர்ப்பதால் மூன்றிலும் நெட்டலை செல்லும். குறுக்கலையில் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கின் மீது பக்கவாட்டில் நழுவுகிறது. திடப்பொருள் அப்படி நழுவுவதை எதிர்த்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரவத்துக்குத் தனக்கென்று வடிவம் இல்லாததால் அது எதிர்ப்பதில்லை. நழுவிய அடுக்கு நழுவிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. மீள்விசை இல்லாத இடத்தில் அலையும் இல்லை. கடலின் மேற்பரப்பில் நிலைமை வேறு. அங்கே உயர்ந்த நீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அந்த அலை நீருக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லையில் மட்டும் வாழ்கிறது. துகள்களும் நேராக மேலும் கீழும் செல்லாமல், ஆழ்கடலில் வட்டப் பாதையிலும் ஆழம் குறைந்த இடத்தில் நீள்வட்டப் பாதையிலும் சுழல்கின்றன. கடலின் உட்பகுதி வழியாகக் குறுக்கலை ஒன்றை அனுப்ப முயன்றால் அது செல்லாது.

இனி வாசகி அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதன் தொடக்கம் இந்தியாவில்தான். 1897 ஜூன் 12 அன்று அசாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஓல்டாம் அதை விரிவாக ஆராய்ந்தார். தொலைதூர நாடுகளின் பதிவுகளில், முதலில் வரும் நெட்டலை, அடுத்து வரும் குறுக்கலை, கடைசியாக வரும் மேற்பரப்பு அலை என்று மூன்று தனித்தனி வருகைகள் இருப்பதை அடையாளம் கண்டார். 1906-இல் இந்தப் பயண நேரங்களைக் கொண்டு, புவிக்கு அடர்ந்த தனி மையப் பகுதி ஒன்று உண்டு என்று காட்டினார். அதன் எல்லை சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் இருப்பதை பெனோ குட்டன்பெர்க் கணக்கிட்டார். நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்திலிருந்து புவி மையக் கோணத்தில் 104 டிகிரிக்கு அப்பால் உள்ள எந்த நிலையத்திலும் நேரடியான குறுக்கலை பதிவாவதில்லை. அந்தப் பகுதி முழுவதற்கும் போகும் பாதை மையப் பகுதியின் ஊடாகவே செல்ல வேண்டும். குறுக்கலை அங்கே தடைபடுகிறது என்றால் அங்கே திரவம் இருக்கிறது. நெட்டலையோ திரவத்துக்குள் நுழையும்போது வேகம் குறைந்து விலகுவதால், 104-க்கும் 140-க்கும் இடையில் ஒரு நிழல் வளையத்தை விட்டுவிடுகிறது. அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய அதிர்வுகள் பதிவாவதை ஆராய்ந்த டென்மார்க்கின் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற அம்மையார், திரவத்துக்கு உள்ளே இன்னொரு உட்கரு இருப்பதை 1936-இல் அறிவித்தார். அது திடமானது என்று பின்னர் உறுதியானது. 6,371 கி.மீ. ஆரம் கொண்ட கோளின் உட்புறத்தை, ஒரு மண்வெட்டியும் எட்டாத ஆழம் வரை, அலைகளின் பயண நேரத்தை மட்டும் வைத்து வரைந்துவிட்டார்கள். பள்ளிப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பல நூல்கள் இதை ஒரு படத்தோடு கடந்துவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

இடியின் தொலைவைக் கண்டறிந்ததைப் போலவே நிலநடுக்கத்தின் தொலைவையும் கண்டறியலாம். மேல் அடுக்குகளில் நெட்டலை நொடிக்கு 8 கி.மீ., குறுக்கலை 4.5 கி.மீ. என்று கொண்டால், 1,000 கி.மீ. தொலைவுக்கு முதலாவது 125 நொடியும் இரண்டாவது 222 நொடியும் எடுக்கும். 97 நொடி இடைவெளி என்றால் 1,000 கி.மீ.; மூன்று நிலையங்களின் இடைவெளிகள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும்.

வைகைக்கரை வாசகி எழுதியது:

ஐயா, குமரிக்கடல், தம்பி அனைவருக்கும் நன்றி. நிழல் வளையத்தைக் காகிதத்தில் வட்டம் வரைந்து, கோணமானியால் 104 டிகிரியைக் குறித்துப் பார்த்தேன். முன்பு மனப்பாடமாக மட்டும் இருந்தது இப்போது காரணத்தோடு நிற்கிறது. கதிர்வீச்சு பற்றிய மூன்றாவது கேள்விதான் மீதமிருக்கிறது. என் மாமியாருக்கு அண்மையில் தைராய்டு ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்ட பிறகு ஒரு நாள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். எக்ஸ் கதிர் எடுத்தபோது அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை யாராவது விளக்க முடியுமா?

கதிரியல் நுட்பர் எழுதியது:

வணக்கம் அக்கா. மருத்துவமனையில் கதிரியல் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் மாமியாரிடம் சொன்ன அறிவுரையிலேயே விடை இருக்கிறது.

முதலில், கைபேசி அலை, வெப்பக் கதிர், ஒளி, எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகிய அனைத்தும் ஒரே மின்காந்த அலைக் குடும்பம். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். வேறுபடுவது அதிர்வெண். ஒளி சிறு பொட்டலங்களாகவே ஆற்றலைக் கொடுக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் ஆற்றலும் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்தப் பொட்டலத்தை ஃபோட்டான் என்கிறோம். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க, அதாவது அதை அயனியாக்க, 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு) தேவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானில் சுமார் 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. கைபேசி அலையின் ஃபோட்டானில் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. எக்ஸ் கதிர் ஃபோட்டானில் பல்லாயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட். ஆகவே எக்ஸ் கதிரும் காமா கதிரும் அணுக்களை அயனியாக்கி மரபணுவைச் சிதைக்க வல்லவை. கைபேசி அலை எவ்வளவு குவிந்தாலும் பொருளைச் சூடாக்கும், அயனியாக்காது. புற ஊதாக் கதிர் இவற்றுக்கு இடைப்பட்டது. வெயிலில் தோல் கருகுவது அதனால்தான்.

இரண்டாவது, எக்ஸ் கதிர்க் குழாயை அணைத்த கணத்தில் கதிர்வீச்சு நின்றுவிடுகிறது. அதன் வழியாகச் சென்றவரின் உடலில் எதுவும் தங்குவதில்லை. தைராய்டு ஸ்கேனிலோ டெக்னீசியம்-99எம் போன்ற ஒரு கதிரியக்கப் பொருளே உடலுக்குள் செலுத்தப்படுகிறது. நிலையற்ற அதன் உட்கருக்கள் காமா கதிரை வெளியிட்டு அடங்கும் வரை அந்த உடலே கதிர்வீசும் மூலமாக இருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் நான்கு அரை ஆயுட்காலங்கள் கழிய, பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். ஒரு நாள் என்று சொன்னதன் காரணம் இதுதான். எந்தத் தனி உட்கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கானவை சேரும்போது பாதியாகும் காலம் மாறாமல் இருக்கும், சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் மாறாது.

கதிரியக்கப் பொருள்கள் வெளியிடும் ஆல்பா, பீட்டா, காமா ஆகிய மூன்று வகைக் கதிர்களையும் தடுக்கும் பொருள்களைத் தேர்வில் கேட்பார்கள்: ஆல்பாவுக்குக் காகிதம், பீட்டாவுக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியம், காமாவுக்குக் கனத்த ஈயம் அல்லது கான்கிரீட். இதிலிருந்து ஆல்பா தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை எங்கள் துறையினர் அனைவரும் வலியுறுத்துவோம். தோலுக்கு வெளியே இருக்கும்வரை அது நுழையாது. மூச்சோடு உள்ளே போய்விட்டால் தன் ஆற்றல் முழுவதையும் சில செல்களின் அகலத்திலேயே கொட்டிவிடும். மூன்றிலும் அப்போது அதுதான் கொடியது. ஆல்பாவை வெளியிடும் ரேடான் வாயுவைப் பற்றிய அச்சம் இதனால் வந்தது.

அளவைப் பற்றி ஒரு வரி. இயற்கைச் சூழலிலிருந்து உலக மக்கள் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் (சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு). மார்பு எக்ஸ் கதிர் ஒன்று பொதுவாக 0.1-ஐத் தாண்டாது.

குமரிக்கடல் எழுதியது:

இயற்கைச் சூழல் என்றதும் எங்கள் மணலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் மோனசைட்டு இருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள் என்பதால், புவி தோன்றியபோது இருந்ததில் பெரும்பகுதி இன்னமும் அப்படியே இருக்கிறது. இதே தோரியமும் யுரேனியமும் பொட்டாசியம்-40-உம் பாறைகளுக்குள் சிதைந்து வெளியிடும் வெப்பம், புவியின் உட்புறத்திலிருந்து வெளிவரும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி. மீதி, புவி உருவானபோது தேங்கிய பழைய வெப்பம். அந்த வெப்பம்தான் புவி மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்ற அடுக்கை மெல்ல அசைத்து, அதன் மேல் உள்ள நிலத் தட்டுகளை நகர்த்தி, 2004-இல் சுமத்ராவின் அடித்தளத்தை உடைத்தது. கதிரியக்கப் பாடத்தையும் நிலநடுக்கப் பாடத்தையும் பிள்ளைகளுக்கு நான் அடுத்தடுத்த நாட்களில் நடத்துவது இதனால்தான்.

தேர்வு நோக்கர் எழுதியது:

இந்த விளக்கங்களைப் படித்த பிறகு, தகவல் தொகுப்போடு இவற்றையும் நம் படிப்புக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். கீழடி பற்றிய வினாவும் வருவதால் கேட்கிறேன்: கி.மு. 580 என்று அங்கே கிடைத்த கரிமத் துண்டுக்குக் காலம் சொன்னது இதே அரை ஆயுட்காலக் கணக்கா? இன்னொன்று: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று ஒரு வினாத் தொகுப்பில் படித்தேன். அது சரியா?

கதிரியல் நுட்பர் எழுதியது:

கீழடிக் கணக்கு அதேதான். உயிருள்ளவரை மரம் காற்றிலிருந்து கார்பன்-14-ஐப் பெற்றுக்கொண்டே இருக்கும். வெட்டுண்ட பிறகு வரவு நின்று சிதைவு மட்டும் தொடரும். அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். 2,600 ஆண்டுகளில் பாதிகூடக் குறைந்திருக்காது. சுமார் 73 விழுக்காடு எஞ்சியிருக்கும். காற்றில் கார்பன்-14-இன் அளவு காலந்தோறும் சற்று மாறி வந்திருப்பதால், மர வளையங்களைக் கொண்டு இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வார்கள்.

நெல்லை ஆசிரியர் எழுதியது:

விண்வெளி நிலையம் பற்றிய அந்த வரி தவறானது. 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 8.7; தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 89 விழுக்காடு. ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் சுற்றாது, நேர்கோட்டில் போய்விடும். நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் சென்றபடி நிலையமும் உள்ளிருப்பவர்களும் ஒரே முடுக்கத்தில் விழுந்துகொண்டிருப்பதால், ஒருவரை ஒருவர் தாங்க வேண்டிய தேவை எழுவதில்லை. அதுவே எடையின்மை.

வைகைக்கரை வாசகி எழுதியது:

ஆசிரியர் சொன்னபடி ஆற்றலின் வழியை ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைக்கும், மேட்டூரில் தேங்கும் நீருக்கும், நெய்வேலி நிலக்கரிக்கும், நாம் உண்ணும் சோற்றுக்கும் பின்னோக்கிப் போனால் கதிரவன் வருகிறது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 2,93,000 ஜூல் வேண்டும் என்று கணக்கிட்டேன். ஒரு டன் எடையைப் பத்து மாடி உயரத்துக்கு, அதாவது 30 மீட்டருக்குத் தூக்கவும் அதே அளவுதான் வேண்டும் என்று வந்தபோது கணக்கை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. இப்போது கேள்வி: கதிரவனிலிருந்து வராத ஆற்றல் என்று எதையெல்லாம் எழுதலாம்?

நெல்லை ஆசிரியர் எழுதியது:

மூன்றை எழுதுங்கள் அம்மா. முதலாவது, கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் பயன்படும் யுரேனியத்தின் ஆற்றல். அந்த உட்கருக்கள் நம் கதிரவன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களின் முடிவில் உருவாகிப் புவியின் மூலப்பொருளோடு கலந்தவை. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் சுமார் 8 × 10¹³ ஜூல் கிடைக்கும். நல்ல நிலக்கரியில் இதைப் பெற ஏறத்தாழ 3,000 டன் எரிக்க வேண்டும். இரண்டாவது, குமரிக்கடல் விளக்கிய புவி வெப்பம். ஆழமான சுரங்கங்களில் இதை நேரடியாக உணரலாம். நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்க வயலில், மூன்று கி.மீ. ஆழத்தில் வேலை செய்வதற்காகக் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது ஓத ஆற்றல், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதில் உள்ள ஆற்றல். இதைப் பலர் நிலவின் ஆற்றல் என்று எழுதுவார்கள். நிலவின் ஈர்ப்பும், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவில் கதிரவனின் ஈர்ப்பும் கடலை இழுத்து வீங்கச் செய்கின்றன. அந்த வீக்கத்தின் அடியில் புவி சுழல்கிறது. நீருக்கும் கடலடித் தரைக்கும் இடையிலான உராய்வில் செலவாவது புவியின் சுழற்சி ஆற்றல். அதனால் நாளின் நீளம் நூறாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி நொடி கூடுகிறது. புவி இழக்கும் சுழற்சி உந்தம் நிலவுக்குப் போய்ச் சேர்வதால் நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது. 1969 முதல் விண்வெளி வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது போய்த் திரும்ப ஆகும் இரண்டரை நொடியைத் துல்லியமாக அளந்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். உங்கள் தாளில் ஓதத்துக்கு எதிரே புவியின் சுழற்சி என்று எழுதிக்கொள்ளுங்கள்.